கல்லும் ஏடும் முரண்பட்டால் எது பாதை?

பலெர்மோவில் வாழும் எம்மவருள் 'சிர்கொன்வல்லாசியோனே'யை அறியாதவர் எவருமிலர். சுற்றுவீதி என்னும் பொருளுடைய அப்பெயர் ஊரார் வாயில் வழங்குவது. நகரசபையின் பெயர்ப்பலகையிலோ அது 'வியாலே ரெஜியோனே சிசிலியானா'. வழிகாட்டிப் பலகைகளிற் காணப்படும் பச்சைநிறச் சிறு கட்டம் அதே தெருவை 'ஈ 90' என்கின்றது. கிழக்கே கத்தானியாவுக்குச் செல்லும் ஏ 19 அதிவேகப் பாதையையும், மேற்கே மத்சாரா தெல் வல்லோவுக்குச் செல்லும் ஏ 29 அதிவேகப் பாதையையும் இணைப்பது இத்தெருவே. இணைக்கின்றதேயன்றி இது அதிவேகப் பாதை அன்று, நகரத் தெருவேயாகும். 'பத்தேந்தே'க்குப் படிக்கும் எமது பிள்ளைகள் இங்குதான் குழம்புகின்றனர். "மாஸ்ரர், ஒரே றோட்டுக்கு ஏன் மூன்று பேர்? இதிலை எது உண்மை?" என்று எம்மிடம் வினவியோர் பலர்.

இவ்வினா சிறுபிள்ளைத்தனமானதன்று. வீதியில் நாட்டிய பலகை ஒன்றைச் சொல்ல, அலுவலகத்துப் பதிவேடு வேறொன்றைச் சொல்ல, நடந்து பழகியவரின் கால்கள் மூன்றாவது ஒன்றைச் சொல்லுமாயின், மெய்யான பாதை எதுவெனத் தீர்மானிப்பது எங்ஙனம்? ஊரைவிட்டு வந்து, ஊரின் வீதிகளை மனத்திலும் மடித்துவைத்த உறுதிகளிலும் மட்டுமே வைத்திருக்கின்ற எமக்கு, இது வெறும் அறிவு விளையாட்டன்று. காணியோடும் கிணற்றோடும் பிள்ளைகளின் உரிமையோடும் தொடர்புற்ற விடயமாகும். ஆகவே இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

கடலுக்குள் இறங்கும் நெடுஞ்சாலை

முதலில் அந்த ஈ 90 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் பெருவழிகளுக்கு நாடுகடந்த எண்களை வழங்கும் உடன்படிக்கை 1975 நவம்பரில் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் கீழ் உருவானது. அதன் ஒழுங்கின்படி மேற்குக் கிழக்காகச் செல்லும் வழிகளுக்கு இரட்டை எண்கள் வழங்கப்படும். ஈ 90 போர்த்துக்கல்லின் லிஸ்பனிற் தொடங்கி, மத்ரித் ஊடாகப் பார்சலோனாவை அடைகின்றது. அங்கே கடலுள் இறங்கி, சிசிலியின் மத்சாரா தெல் வல்லோவிற் கரையேறி, பலெர்மோவைக் கடந்து மெஸ்ஸினாவில் மீண்டும் கடலைத் தாண்டுகின்றது. தென்னித்தாலி, கிரேக்கம் ஆகியவற்றினூடாகத் துருக்கியை அடைந்து, ஈராக்கின் எல்லையில் முடிவுறுகின்றது.

ஏட்டில் இது முறிவற்ற ஒரே நெடுஞ்சாலை. எனினும் பார்சலோனாவின் கரையில் நின்று பார்ப்பவருக்கு முன்னே இருப்பது நீலக்கடலன்றிப் பாதையன்று. ஏடு பொய் சொல்கின்றதா? இல்லை. நாடுகள் தமக்குள் ஏற்றுக்கொண்ட தொடர்பை அது குறிக்கின்றது. கல்லும் தாரும் இட்ட நிலத்தை அன்று. ஏடு எதைக் குறிக்க எழுதப்பட்டது என்பதை அறியாமல் அதனை வாசிப்போமாயின், உண்மையைச் சொல்லும் ஏடும் எம்மைக் கடலில் இறக்கிவிடும்.

இத்தாலிய வீதிச் சட்டம் இதனை நன்கு உணர்ந்தே எழுதப்பட்டுள்ளது. 1992 இல் ஆக்கப்பட்டு 1993 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டக் கோவை இரு விதிகளைத் தனித்தனியே வைத்திருக்கின்றது. வீதியைப் பயன்படுத்துவோர், பொதுவான போக்குவரத்து விதிகளுக்கு மாறுபட்டிருப்பினும், அடையாளப் பலகைகள் தெரிவிக்கும் கட்டளைக்கே பணிதல் வேண்டும் என்பது ஒன்று. வீதிக்கு உரித்துடைய நிறுவனங்கள் தத்தம் வீதிகளின் படத்தையும் பதிவேட்டையும் ஆக்கி, அவற்றைக் காலத்துக்கேற்பத் திருத்திவைத்தல் வேண்டும் என்பது மற்றையது. வண்டி ஓட்டுபவனுக்குப் பலகையே வேதம். 'பதிவேட்டில் வேறாக இருக்கின்றதே' என்று அவன் வாதாட இயலாது. ஆனால் அவ்வீதி எவருக்கு உரியது, எவர் அதனைப் பழுதுபார்க்கக் கடமைப்பட்டவர் என்னும் வழக்குக்குப் பலகை போதாது. அங்கே பதிவேட்டைப் புரட்ட வேண்டும். ஆகவே 'எது உண்மை?' என்று கேட்குமுன், 'எதற்காகக் கேட்கின்றோம்?' என்று எம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

ஆட்டுமந்தையின் அரசபாதை

சிசிலித் தீவின் உட்புறத்தில் 'திராத்சேரே' எனப்படும் பழம்பாதைகள் உண்டு. மந்தைகள் மேய்ச்சல் நிலம் தேடி மலைக்கும் கடற்கரைக்குமிடையே நடந்த வழிகள் அவை. தோட்டங்களில் வேலைசெய்யும் எம்மவர் சிலர் இப்பெயரைக் கேட்டிருப்பர். அரச திராத்சேரா ஒன்றின் அகலம் 18 கன்னாவும் 2 பால்மோவும். எட்டுப் பால்மோ ஒரு கன்னா. இன்றைய கணக்கில் அகலம் 37 மீற்றரும் 68 சென்ரிமீற்றரும். எங்கள் ஊர் ஒழுங்கைகளிற் பத்துப் பன்னிரண்டை அருகருகே அடுக்கினாலும் இந்த அகலம் வருவது ஐயமே.

காலம் செல்லச்செல்ல மந்தைகள் குறைந்தன. அயலிலிருந்தோர் ஆண்டுக்கு ஓர் உழவுசாலாகப் பாதையைத் தம் வயலுக்குள் இழுத்துக்கொண்டனர். சில இடங்களிற் கொடிமுந்திரிகை நட்டனர். சில இடங்களில் வீடே கட்டினர். ஏட்டில் அகன்ற அரசபாதை. நிலத்தில் ஒருவர் நடக்கும் ஒற்றையடிப்பாதை. இம்முரண்பாட்டைத் தீர்ப்பதற்கென்றே பலெர்மோவில் திராத்சேரேக்களுக்கான சிறப்புத் தொழில்நுட்ப அலுவலகம் ஒன்று இயங்கியது. 1923 ஆம் ஆண்டின் சட்டமும் 1927 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியும் அப்பணிக்கு அடிப்படையாயின. பழைய ஆவணங்கள், படங்கள், நிலத்திலுள்ள தடயங்கள் ஆகியவற்றை ஒப்புநோக்கிப் பாதை எவ்வழியே சென்றதென நிறுவுவதும், ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியை மீட்பதும், பொதுத்தேவைக்கு வேண்டாத பகுதியைப் பணம் பெற்று அயலவருக்கே உரித்தாக்குவதும் அம்முறையில் அடங்கும்.

பாதை பொதுச்சொத்து என நிறுவப்பட்டால், பல்லாண்டு வாழ்ந்த வீட்டின் அடியிலுள்ள நிலம் தமக்குரியதன்று எனக் குடியானவர் அறிந்து திகைப்பதும் நேர்ந்திருக்கின்றது. இங்கு ஏட்டின் வலிமையும் ஏட்டின் கொடுமையும் ஒருங்கே புலனாகின்றன. ஏடு இல்லாதிருப்பின் அப்பாதைகள் அடையாளமின்றி அழிந்திருக்கும். ஏடு மட்டுமே பேசுமாயின் அங்கே வாழ்ந்த மனிதரின் ஆயுள் கணக்கில் வாராது போகும்.

இப்பழம்பாதைகள் செத்தவையும் அல்ல. 2015 ஏப்பிரல் 10 ஆந் திகதி, ஸ்கிலாத்தோவுக்கு அண்மையில் ஏற்பட்ட மண்சரிவால் ஏ 19 இல் உள்ள ஹிமேரா மேம்பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. பலெர்மோவுக்கும் கத்தானியாவுக்குமிடையே அதிவேகப் பாதை அறுந்தது. உற்றார் உறவினர் கத்தானியாவில் இருக்கும் எமது குடும்பங்கள் பட்ட அலைச்சல் இன்னும் நினைவிலிருக்கின்றது. படத்தில் ஏ 19 முன்போலவே தடித்த கோடாக இருந்தது. ஆனால் அவ்வாண்டு யூலை இறுதியில், கல்தாவுத்தூரோ என்னும் சிற்றூரருகே பழைய திராத்சேரா ஒன்றைச் செப்பனிட்டு வாகனங்களுக்குத் திறந்தனர். மந்தைகள் நடந்த வழியில் மக்கள் வண்டி ஓட்டிச் சென்றனர். இடிக்கப்பட்ட பாலப் பகுதிக்கு மாற்றாகப் புதிய பாலம் 2020 இலேயே திறக்கப்பட்டது.

கோர்லெயோனேயின் கல்

கல் என்றால் பொய் சொல்லாது என்பது பொதுவான நம்பிக்கை. அதனையும் சோதித்துப் பார்ப்போம். பலெர்மோவுக்குத் தெற்கே உள்ள கோர்லெயோனே ஊருக்கருகே 1950 களில் ரோமர் காலத்து மைல்கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. இத்தாலியிற் கிடைத்த ரோம மைல்கற்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாகிய அது, இன்று அவ்வூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் இருப்பவை சில எழுத்துக்களே: 57 என்னும் எண், கொன்சலாகிய காயுஸ் அவுரேலியுஸ் கொத்தாவின் பெயர்.

கொத்தா இருமுறை கொன்சலாக இருந்தவர், கி.மு. 252 இல் ஒருமுறை, கி.மு. 248 இல் ஒருமுறை. கல்லில் ஆண்டு இல்லை. ஆகவே கல் எப்போது நாட்டப்பட்டது என்பதை அதன் எழுத்து மட்டும் முடிவுசெய்யவில்லை. அடுத்து, 57 மைல் எங்கிருந்து? ரோம மைல் ஏறத்தாழ 1,480 மீற்றர். 57 மைல் என்பது 84 கிலோமீற்றர். பலெர்மோவிலிருந்து கோர்லெயோனேக்கு இன்றைய வீதியால் ஏறத்தாழ 60 கிலோமீற்றர்தான், கணக்குப் பொருந்தவில்லை. தெற்குக் கரையிலுள்ள அக்ரிஜெந்தோவிலிருந்து எண்ணினாற் பொருந்துகின்றது. அப்போது இக்கல் அக்ரிஜெந்தோவையும் பலெர்மோவையும் இணைத்த படைவழியொன்றைக் காட்டுகின்றது என்று கொள்ளலாம்.

பின்னாளில், பேரரசுக் காலத்தில் எழுதப்பட்ட அந்தோனீனுஸ் வழிநூலும் அவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தங்குமிடங்களை வரிசையாகத் தருகின்றது. ஆயினும் அத்தங்குமிடங்கள் இன்று எவ்வெவ்விடம் என்பதில் அறிஞர் ஒருமித்தாரில்லை. கல் காட்டும் பாதையும் நூல் காட்டும் பாதையும் ஒன்றா, இரண்டா என்பது இன்றும் ஆராயப்படுவதே. கல்லும் தானாகப் பேசுவதில்லை. எண்ணின் தொடக்கம் எதுவெனத் தெரிந்தவர் இருந்தால் மட்டுமே அது பேசுகின்றது.

155 ஆம் கட்டை

இதனைப் படிக்கும்போது எமது மனம் கிளிநொச்சிக்குப் போகாதிருக்குமா? அங்கே '155 ஆம் கட்டை' என்றோர் இடம் உண்டு. மைற்கணக்கு நீங்கிக் கிலோமீற்றர்க் கணக்கு வந்து பல்லாண்டுகள் ஆயினும், அவ்விடத்தின் பெயர் மாறவில்லை. பலெர்மோவிற் பிறந்த பிள்ளைக்கு 155 என்பது வெறும் எண். யாழ்ப்பாணத்திலிருந்து எண்ணினால் அவ்விடம் ஏறத்தாழ 45 மைல். கொழும்பிலிருந்து எண்ணினாலும் பொருந்தாது. கண்டியிலிருந்து எண்ணினால்தான் 155, அதாவது ஏறத்தாழ 249 கிலோமீற்றர், சரியாக வருகின்றது. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் 321 கிலோமீற்றர் நீளமான ஏ 9 வீதியின் எண்ணிக்கை கண்டியிற் தொடங்குகின்றது என்பதை ஒரு கட்டையின் பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

அதே வீதியை யாழ்ப்பாணத்தில் நாம் 'கண்டி வீதி' என்றோம். தெற்கே வாழ்வோர் 'யாழ்ப்பாண வீதி' என்றனர். வீதிக்குப் பெயர் அது போய்ச்சேரும் ஊரைக்கொண்டு அமைந்தது. ஒருவர் பெயர் மெய், மற்றவர் பெயர் பொய் என்பதற்கில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வீதியின் இரு முனைகளும் தெரியவருகின்றன.

1990 இல் அவ்வீதி ஆனையிறவுக்கு இருபுறமும் போக்குவரத்துக்கு மூடுண்டது. 2002 இன் போர்நிறுத்தத்தை அடுத்துத் திறக்கப்பட்டு, 2006 ஆகத்தில் மீண்டும் மூடப்பட்டு, 2009 இன் பின்னரே மீளவும் நிலையாகத் திறந்தது. 1990 களின் முற்பகுதியில் நாம் ஆசிரியப்பணி செய்த வகுப்பறையில் இலங்கைப் படம் ஒன்று தொங்கியது. அதில் ஏ 9 ஆனையிறவினூடாகச் சிவப்புக் கோடாக ஓடியது. வகுப்பில் இருந்த பிள்ளைகளுட் சிலரோ, கிளாலிக் கடல்நீரேரியை இரவிற் படகேறிக் கடந்து வந்தவர்கள். ஒரு மாணவன் எழுந்து, "சேர், உந்தச் சிவப்புக் கோட்டாலை ஒருத்தரும் போறேல்லையே" என்றான்.

"சிவப்புக் கோடு வீதி இருக்கும் இடம், நீ வந்தது சனம் போகும் வழி. இரண்டையும் கீறு, இரண்டின் கீழும் ஆண்டை எழுது" என்று அவனுக்குச் சொன்னோம். அவன் நீல மையால் நீரேரியின் குறுக்கே புள்ளிக்கோடு இட்டு, அதன் கீழ் ஆண்டை எழுதினான். அரச நில அளவைத் திணைக்களத்தின் படத்தில் அப்புள்ளிக்கோடு இல்லை. ஆயினும் பல்லாயிரம் மக்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு சென்ற வழி அதுவே. உயிரை அதில் இழந்தோரும் பலர். அந்தப் புள்ளிக்கோட்டை இன்று எந்தப் பதிவேட்டில் தேடுவது? அதனைக் கடந்தவர்களின் நினைவையன்றி வேறு ஏடு அதற்கு இல்லை.

உறுதியில் உள்ள ஒழுங்கை

இனி எமது வீட்டு வாசலுக்கே வருவோம். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்தோர் அறிவர்: காணியின் பெயர், இத்தனை பரப்பு, இத்தனை குழி, பின் நான்கெல்லை. கிழக்கு இன்னார் காணி, மேற்கு ஒழுங்கை, கிணற்றிற் பங்கு, வழிவாய்க்கால் உரிமை. பழைய காணிப்பெயர்கள் பல ஒல்லாந்தர் காலத்துத் தோம்புவரை பின்னோக்கிச் செல்வன. வீதி அல்லது ஒழுங்கை எல்லையாக அமைந்த உறுதியில், அவ்வீதி அழிந்தாற் காணியின் ஒரு பக்கமே அந்தரத்தில் நிற்கின்றது.

வலிகாமம் வடக்கிற் பல ஊர்கள் மூன்று தசாப்தங்களுக்கு மேலாக மக்கள் செல்ல முடியாதனவாக இருந்தன. பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. இன்னும் விடுவிக்கப்படாதனவும் உள. வசாவிளானிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி 2025 ஏப்பிரலிலேயே நிபந்தனைகளுடன் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அத்தனை காலமும் படங்களில் அவ்வீதி இருந்தது, பேருந்து போகவில்லை. சிறிய ஒழுங்கைகளின் நிலையோ இதனினும் மோசம். வேலிகள் இல்லை, பனைகள் இல்லை, வீடுகளின் அத்திவாரமும் புல்லுக்குள் மறைந்துவிட்டது.

எமக்கு அயலில், பலெர்மோவின் பழைய நகர்ப்புறத்தில் வாழும் குடும்பம் ஒன்றுக்கு நேர்ந்ததை இங்கு சொல்வோம். அவர்களது காணி விடுவிக்கப்பட்ட பகுதியில் அடங்கிற்று. பேரன் விடுமுறையில் ஊர் சென்றான். உறுதியில் 'மேற்கு கையொழுங்கை' என்றிருந்தது. நிலத்திலோ ஒழுங்கையின் அடையாளமே இல்லை. புதிதாக அளந்த படத்திலும் அது காட்டப்படவில்லை. ஒழுங்கை இல்லையெனில் அக்காணிக்குள் நுழைய வழியே இல்லை. நான்கு பக்கமும் பிறர் காணிகள். அலுவலகம் ஒன்றில், 'படத்தில் இல்லாததை நாங்கள் எப்படித் தருவது?' என்று கேட்டனராம்.

அன்று மாலை அவன் தொலைபேசியின் காணொளியிற் பலெர்மோவிலிருந்த ஆச்சியை அழைத்தான். எண்பத்தெட்டு வயதான ஆச்சி கட்டிலில் இருந்தபடியே வழிசொன்னார். "கிணத்தடியிலை நிண்டு தெற்கை பார், ராசா. வலக்கைப் பக்கம் வைரவர் கல் இருக்கவேணும். அந்தக் கல்லுக்கும் எங்கடை வேலிக்கும் நடுவாலைதான் ஒழுங்கை. மாரியிலை தண்ணி அதாலைதான் ஓடும்." பேரன் புல்லை விலக்கிப் பார்த்தான். வைரவர் கல் சாய்ந்து கிடந்தது. அதற்கருகே நிலம் நீளவாக்கிற் சற்றே தாழ்ந்திருந்தது.

இதனால் மட்டும் வழக்கு முடிந்துவிடவில்லை. ஆச்சியின் பேச்சை மட்டும் நம்பி எந்த அலுவலரும் கையெழுத்திடமாட்டார், இடவும் கூடாது. ஆகவே குடும்பத்தார் மேலும் ஒன்று செய்தனர். ஒழுங்கைக்கு மறுபுறக் காணிக்காரரின் சந்ததி கனடாவில் இருந்தது. அவர்களின் உறுதியைத் தேடிப் பிரதி பெற்றனர். அதில் 'கிழக்கு கையொழுங்கை' என்றிருந்தது. ஒருவர் உறுதி மேற்கே ஒழுங்கை என்கின்றது; எதிர்ப்புறத்தார் உறுதி கிழக்கே ஒழுங்கை என்கின்றது; நடுவே கல் கிடக்கின்றது; மழைநீர் ஓடிய தாழ்வு தெரிகின்றது; வாழ்ந்தவர் நினைவும் அதனையே சொல்கின்றது. ஒன்றையொன்று பார்த்து எழுதாத சாட்சிகள் ஒரே கோட்டில் வந்து நின்றன. மெய்யான பாதையைத் தீர்மானிக்கும் முறை இதுவே என எமக்குத் தோன்றுகின்றது. அவ்வாதாரங்களோடு திருத்தத்துக்கான விண்ணப்பம் கொடுக்கப்பட்டுள்ளது. முடிவு இன்னும் வரவில்லை. ஆச்சி சென்ற மாசியில் இங்கேயே கண்மூடினார். அவர் சொன்னதை எழுதி, திகதியிட்டு, அவரது கைநாட்டோடு வைத்திருந்தமையால் அவரது சாட்சி அவரோடு போய்விடவில்லை.

காலமும் எம்மைக் காத்திருக்கவில்லை. இலங்கையில் 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, பிறர் காணியைப் பத்தாண்டுகள் தடையின்றித் தமதெனக் கொண்டிருந்தோர் அதற்கு உரிமை கோர இடமுண்டு. போரினால் இடம்பெயர்ந்தோருக்கு இது அநீதியாகும் என்பதனால் 2016 இல் சிறப்பேற்பாட்டுச் சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது. அதன் பயனைக் கோருவதற்கு வைக்கப்பட்ட காலவரம்பும் கடந்துவிட்டது. காணித்தகராறு உள்ளோர் தகுந்த சட்டத்தரணியிடம் கேட்டறிதல் வேண்டும்; இங்கு நாம் சொல்வது, கேட்கப் போகும்போது கையில் என்ன கொண்டுபோவது என்பதைப் பற்றியே.

எழுதி வைப்போம்

பலெர்மோவின் பழைய யூதர் குடியிருப்புப் பகுதியில், தெருப் பெயர்ப்பலகைகள் இத்தாலியம், ஹீப்ரு, அரபு ஆகிய மூன்று மொழிகளில் இருப்பதை எம்மவர் பலர் கண்டிருப்பர். சிசிலியின் யூதர் 1492 ஆம் ஆண்டின் அரச கட்டளையால் வெளியேற்றப்பட்டனர். ஐந்து நூற்றாண்டுகளின் பின் அவர்களது எழுத்து அத்தெருச் சுவர்களுக்கு மீண்டது. போனவர் திரும்பவில்லை. ஆனால் அவர்கள் அங்கே வாழ்ந்தனர் என்பதை இன்று எவரும் மறுக்க இயலாது. ஏனெனில் ஆவணங்கள் எஞ்சின, தெருப்பெயர்கள் சில எஞ்சின, அவற்றை ஒப்புநோக்கியோரும் இருந்தனர். எமக்கோ ஐந்து நூற்றாண்டுகள் தேவையில்லை. நடந்தவர்களுட் பலர் இன்னும் எம்மோடு இருக்கின்றனர். அவர்களின் வயது மட்டும் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றது.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஓர் அப்பியாசக் கொப்பியை இதற்கென ஒதுக்குதல் நன்று. உங்கள் வீட்டிலிருந்து பெருந்தெருவரை செல்லும் வழியை முதலில் எழுதுங்கள். எந்தச் சந்தி, எத்தனையாம் கட்டை, அது எங்கிருந்து எண்ணியது, இடப்புறம் என்ன, வலப்புறம் என்ன, எந்தக் கோயில், எந்தக் கிணறு, மழைநீர் எப்பக்கம் ஓடியது என்பவற்றைக் குறியுங்கள். வீதிக்கு ஊரார் இட்ட பெயரையும் அரசு இட்ட பெயரையும் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை வெட்டி மற்றொன்றை எழுத வேண்டாம். அவ்வழி எந்த ஆண்டுவரை திறந்திருந்தது, மூடியபின் எவ்வழியாற் சென்றீர்கள் என்பதையும் சேருங்கள்.

கண்டதையும் கேட்டதையும் கலக்காதீர்கள். 'நான் நடந்தேன்' என்பது ஒரு பக்கம், 'அப்பு சொல்லக் கேட்டேன்' என்பது மறுபக்கம் இருக்கட்டும். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். அழகுக்காக நிரப்பிய ஒரு வரி, மெய்யாக எழுதிய பத்து வரிகளின் மதிப்பையும் கெடுத்துவிடும். அயல்வீட்டார் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருப்பார்களாயின், உங்கள் கொப்பியைக் காட்டாமல் அவர்களையும் தனியே எழுதச் சொல்லுங்கள். பின்னர் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒத்துவரும் இடம் உறுதியானது. ஒத்துவராத இடம் இன்னும் தேட வேண்டியது. இறுதியில் திகதியிட்டு, எழுதியவரும் சொன்னவரும் கையொப்பமிட்டு, உறுதியின் பிரதியோடு வைத்துவிடுங்கள்.

தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளைக் கொண்டே இதனை எழுதுவியுங்கள். ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் அவர்களுக்கு இலகுவான இத்தாலிய மொழியில் இருக்கலாம். சிர்கொன்வல்லாசியோனேயின் மூன்று பெயர்களைக் கேட்டுக் குழம்பும் பிள்ளை, கண்டி வீதியின் இரண்டு பெயர்களையும் விளங்கிக்கொள்ளும். வரும் ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாதோர், வீட்டிலுள்ள மூத்தவருக்கு அருகே அரைமணி நேரம் அமர்ந்து, ஒரேயொரு ஒழுங்கையை மட்டும் எழுதிப் பார்ப்பார்களாக.